நேரம் முடிந்துவிட்டால் ஃப்ரீ கிக் கிடையாதா?

பந்துநேசன்:
கால்பந்து ஆட்டத்தில், வீணான நேரத்துக்கு ஈடான கூடுதல் நிமிடங்கள் நான்கு என்று பலகை காட்டியாகிவிட்டது. கடைசி நொடிகளில், கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதிக்கு ஓரடி வெளியே முன்கள வீரரைக் காலை வாரி வீழ்த்துகிறார்கள். நடுவர் அந்தத் தவறுக்கு ஈடாக ஃப்ரீ கிக் தருகிறார். கோலை மறைத்து வரிசையாக நிற்கும் வீரர்களின் தடுப்புச் சுவரைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்துவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. அத்துடன் ஆட்டத்தை முடிப்பது அநியாயம் என்கிறேன். தவறு செய்த அணிக்கே அது லாபம். அதே தவறு ஓரடி உள்ளே நடந்திருந்தால் கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து உதைக்கும் பெனால்டிக்காக நேரத்தை நீட்டியிருப்பார்கள்.

விதி ஏழு:
ஆட்ட நேரத்தைப் பற்றிய விதி 7 எந்தக் குழப்பத்துக்கும் இடம் வைக்கவில்லை. பெனால்டியை உதைக்கவோ மறுபடி உதைக்கவோ வேண்டியிருந்தால் மட்டும், அது முடியும்வரை ஆட்டப் பாதி நீளும். ஃப்ரீ கிக்குக்கும், மைதான மூலையிலிருந்து உதைக்கும் கார்னருக்கும் அந்தச் சலுகை இல்லை. நீட்டித்த பெனால்டியில்கூட, கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்தை ஓடிவந்து வலைக்குள் அடிக்க முடியாது. உதையோடு எல்லாம் முடிந்தது. ஃப்ரீ கிக்கை எங்கே முடிப்பீர்கள்? சுவரில் பட்டுத் திரும்பினால்? பெனால்டி பகுதிக்குள் நான்கு பேர் தலையால் முட்டி, அதில் இன்னொரு தவறு நடந்தால்?

பந்துநேசன்:
ரக்பியில் நேரம் முடியும் தறுவாயில் பெனால்டி கிடைத்தால், அதை ஆடி முடித்த பிறகே ஆட்டம் நிற்கும். அங்கே அதற்கு எல்லை வகுக்க முடிந்திருக்கிறதே.

ஓரக்கோடு:
இருவருமே பலகையை மறந்துவிட்டீர்கள். அதில் காட்டுவது குறைந்தபட்ச நேரம். நடுவர் அதைக் கூட்டலாம், குறைக்க முடியாது. கூடுதல் நிமிடங்களுக்குள் மஞ்சள் அட்டை காட்டியதில், காயத்தில், வேண்டுமென்றே இழுத்தடித்ததில் போன நொடிகளை அவர் திருப்பித் தரலாம். நீங்கள் சொன்ன காட்சியில் சுவர் பின்னால் நகர மறுத்து ஒருவர் அட்டை வாங்கினால், உதைக்குத் தேவையான நேரம் அங்கேயே கிடைத்துவிட்டது. விதியை மீற வேண்டிய அவசியமே இல்லை.

2022 உலகக் கோப்பைக் காலிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டினாவுக்கு எதிராக நெதர்லாந்து 1-2 எனப் பின்தங்கியிருந்தது. கூடுதல் நிமிடங்கள் பத்து. அந்தப் பத்தும் கடந்த பிறகே அதன் ஃப்ரீ கிக் உதைக்கப்பட்டது. எல்லோரும் கோலை நோக்கி அடிப்பார் என்று காத்திருக்க, கூப்மைனர்ஸ் சுவருக்குப் பக்கத்தில் தரையோடு தள்ளிவிட்டார். சக வீரர் வெகோர்ஸ்ட் அதை வாங்கித் திரும்பி அடித்தார். 2-2. நடுவர் லாஹோஸ் விசிலை வாயில் வைத்திருந்தால் அந்தக் கோல் பிறந்திருக்காது.

பந்துநேசன்:
என் கோபமே அங்கேதான். அதே உலகக் கோப்பையில், கானாவிடம் 2-3 எனத் தோற்றுக்கொண்டிருந்த தென்கொரியாவுக்குக் கடைசியில் கார்னர் கிடைத்தது. நடுவர் ஆன்டனி டெய்லர் அதை உதைக்க விடாமல் ஆட்டத்தை முடித்தார். எதிர்ப்புத் தெரிவித்த பயிற்சியாளர் பென்டோவுக்குச் சிவப்பு அட்டை. ஒரே போட்டித் தொடர், இரண்டு நடுவர்கள், இரண்டு நீதி. விதியில் எழுதிவைத்தால் இந்தப் பாகுபாடு வராது.

விதி ஏழு:
டெய்லர் செய்தது விதிப்படி சரி. 1978 உலகக் கோப்பையின் பிரேசில்–ஸ்வீடன் ஆட்டத்தில் நடுவர் கிளைவ் தாமஸ் செய்ததும் சரியே: கார்னரை உதைக்க விட்டு, பந்து காற்றில் இருக்கும்போது விசில் ஊதினார். பிரேசிலின் ஜிகோ தலையால் முட்டிய கோல் செல்லாது, ஆட்டம் 1-1.

ஓரக்கோடு:
தாமஸ் செய்தது விதிப்படி சரி, நடுவர் பணிப்படி மோசம். உதைக்க அனுமதித்தவர் அதன் பலன் தெரியும்வரை பொறுத்திருக்க வேண்டும். முடிப்பதென்றால் உதைக்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். நல்ல நடுவர்கள் அணித் தலைவரிடம் "இதுதான் கடைசி உதை" என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள். கோல்கீப்பர்கூட முன்னால் ஓடிவந்து நிற்பார். விசில் வரும்போது யாருக்கும் அதிர்ச்சி இருக்காது.

பந்துநேசன்:
அந்த நல்ல பழக்கத்தை ஒரே வரியில் விதி 7-இல் சேர்க்கச் சொல்கிறேன்: தாக்கும் பாதியில் நேரத்துக்குள் கிடைத்த ஃப்ரீ கிக்கை உதைத்தே தீர வேண்டும், பந்து பெனால்டி பகுதியை விட்டு வெளியேறினால் ஆட்டம் முடிந்தது. 'விதி ஏழு' கேட்ட எல்லை இதுவே.

விதி ஏழு:
பெனால்டி பகுதிக்குள் பந்து போகவே இல்லையென்றால்?