தூரம் 1,900 கி.மீ.தான், பயணம் ஏழு மணி நேரத்துக்கு மேலா?

ஜன்னல்சீட்:
இரண்டுமே சின்ன விமான நிலையங்கள், நேரடி விமானம் கிடையாது. தூரம் காட்டும் தளத்தில் போட்டால் 1,900 கி.மீ., பறக்கும் நேரம் 2 மணி 45 நிமிடம் என்று வருகிறது. டிக்கெட் தேடினால் நடுவில் ஒரு பெரிய நிலையத்தில் மாறி 7 மணி 20 நிமிடம்! மாறுவதற்கு ஒரு மணி நேரம் போனாலும் நாலு மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டாமா? இன்னொன்று, இரண்டாவது விமானம் மேற்கே போகும்போது 3 மணி, திரும்பும்போது 2 மணி 35 நிமிடம். தூரம் ஒன்றுதானே, நேரம் மட்டும் எப்படி மாறும்?

வால்காற்று:
அந்தத் தளம் காட்டுவது, பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வரும் குறுக்குத் தூரம். அதை மணிக்கு 850 கி.மீ. என்ற ஜெட் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. கணக்கில் தப்பில்லை, அந்தக் கோட்டில் பறக்க விமானம்தான் இல்லை. சின்ன நிலையத்திலிருந்து முதலில் ஏறுவது பெரும்பாலும் ஏடிஆர் மாதிரி விசிறி வைத்த விமானம், அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். 600 கி.மீ. போகவே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். அப்புறம் மூன்று மணி நேரம் காத்திருந்து ஜெட் பிடித்தால் உங்கள் ஏழு சொச்சம் வந்துவிட்டது.

போக வர வித்தியாசத்துக்குக் காரணம் வெகு உயரத்தில் வேகமாக வீசும் 'ஜெட் ஸ்ட்ரீம்' என்ற காற்று. அது பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. மணிக்கு 80 கி.மீ. எதிர்க்காற்று என்றால் 850 என்பது 770 ஆகிவிடும், திரும்பும்போது அதே காற்று தள்ளிவிட்டு 930. சுற்றிப் போவதில் இரண்டாவது விமானமும் ஏறக்குறைய 1,900 கி.மீ. பறந்தால் 25 நிமிடம் வித்தியாசம் வரும், உங்கள் கணக்கும் அதேதான். நியூயார்க்கிலிருந்து லண்டன் போவது திரும்பி வருவதைவிடச் சீக்கிரம் முடிவதும் இதனால்தான்.

இரண்டுபெட்டி:
டிக்கெட்டில் போட்டிருப்பது வெறும் பறக்கும் நேரமும் இல்லை. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்த நிமிடத்திலிருந்து அந்தப் பக்கம் போய் நிற்கும் வரை, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் சேரும். நேர மண்டலம் மாறினால் இறங்கும் நேரத்திலிருந்து ஏறும் நேரத்தை நேராகக் கழித்துவிடாதீர்கள், இரண்டும் அந்தந்த ஊர் நேரம்.

காத்திருப்பைக் குறைக்கிறேன் என்று இரண்டு தனித்தனி டிக்கெட் மட்டும் எடுக்க வேண்டாம். நான் 55 நிமிட இடைவெளியை நம்பி எடுத்தேன், முதல் விமானம் 40 நிமிடம் தாமதம், பெட்டியை எடுத்து மறுபடி கொடுப்பதற்குள் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் பொதுவாக அவர்களே அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். தனித்தனி என்பதால் புது டிக்கெட் என் காசில்.

ஜன்னல்சீட்:
ஓ, நான் பார்த்த இன்னொரு மலிவு டிக்கெட் இரண்டு தனி டிக்கெட்தான் போலிருக்கிறது. சரி, அந்த 7 மணி 20 நிமிடத்தையே எடுத்துக்கொள்கிறேன்.