தானாக ஜெபிக்க இயலாதவருக்கு யாருடைய விசுவாசம் போதும்?

கேள்வி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் அண்ணன் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பேச்சு இல்லை, வலது கையும் காலும் அசைவதில்லை. அவரைக் குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். அண்மையில் ஜெபிக்க வந்த ஒருவர், "நோயாளியே விசுவாசித்தால்தான் சுகம் கிடைக்கும், தன் கையே தனக்கு உதவி என்பார்களே" என்று அண்ணன் காதருகிலேயே சொல்லிவிட்டுப் போனார். வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்ல முடியாத ஒருவர் தம் விசுவாசத்தை எப்படிக் காட்டுவார்? சுகம் வராத நிலையில் நான் செய்துவரும் பணிவிடை விசுவாசக் குறைவின் அடையாளமா?

முதல் பதில் (ஓய்வுபெற்ற போதகர்)

சகோதரி, அவர் மேற்கோள் காட்டியது பழமொழி. வேத வசனம் அன்று. கையே அசையாதவரிடம் அதைச் சொன்னது எவ்வளவு கொடுமை என்பதை அவர் உணர்ந்திருக்கமாட்டார்.

மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை, அதாவது உடல் முடங்கியவனை, நான்கு பேர் சுமந்து வந்து, கூட்டத்தினால் வாசலை நெருங்க முடியாமல், கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று எழுதப்பட்டிருக்கிறது. பிரிக்கப்பட்ட கூரைதான் அங்கே கண்ணுக்குத் தெரிந்த விசுவாசம். யோவான் 5ஆம் அதிகாரமோ இன்னும் வியப்பானது. பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகள் வியாதியாய்க் கிடந்தவன் விசுவாச அறிக்கை எதுவும் செய்யவில்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஒருவருமில்லை என்று முறையிட்டதோடு சரி. தன்னைக் குணமாக்கியவர் யார் என்பதுகூட அவனுக்கு அப்போது தெரியாது. இயேசு உயிரோடு எழுப்பிய நாயீன் ஊர் விதவையின் மகனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவன் பாடையில் இருந்தான்.

அப்போஸ்தலனாகிய பவுலோடு ஊழியம் செய்த துரோப்பீமு வியாதிப்பட்டதால் மிலேத்துவில் விடப்பட்டான் என்று 2 தீமோத்தேயு 4:20 சொல்கிறது. அவனுக்கு விசுவாசம் குறைவு என்று பவுல் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

இரண்டாம் பதில்

போதகர் ஐயா சொன்னதைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடக் கூடாது. "அவர்கள்" என்னும் சொல்லில் படுத்திருந்தவனும் அடங்கலாம். சுமந்து செல்ல அவனும் சம்மதித்திருப்பான் அல்லவா? பெரும்பாடுள்ள (நீங்காத உதிரப்போக்குள்ள) ஸ்திரீயிடமும் பார்வையற்ற பர்திமேயுவிடமும் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்றே ஆண்டவர் சொன்னார். ஆகவே நோயாளியின் விசுவாசத்துக்கு இடமில்லை என்று சொல்லிவிட முடியாது. அதையே நிபந்தனையாக்கி, சுகம் வராதபோது பழியை அவர் தலையில் சுமத்துவதுதான் தவறு. யாக்கோபு 5ஆம் அதிகாரம் எண்ணெய் பூசி ஜெபிக்கும் பொறுப்பை மூப்பர்களிடம் ஒப்படைக்கிறது. இரண்டு ஆண்டுகள் ஆயின என்பதற்காகச் சுகத்துக்கான ஜெபத்தை நிறுத்திவிடாதீர்கள், மருத்துவத்தையும் நிறுத்தாதீர்கள். பவுலின் உடன்ஊழியனாகிய லூக்காவே வைத்தியன்தான்.

மூன்றாம் பதில் (செவிலியர்)

வசன விளக்கத்தைப் பெரியவர்களுக்கு விட்டுவிடுகிறேன். கள்ளரால் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் உவமையில் என்னை எப்போதும் நிறுத்துவது காயத்தில் வார்த்த எண்ணெயும் திராட்சரசமும், மறுநாள் சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு பணமும், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்ற வாக்கும்தான். அங்கே அற்புதம் எதுவும் நடக்கவில்லை. முறையான பராமரிப்பு நடந்தது.

அண்ணனைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பெலும்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்து, அந்தச் சிவப்பு மறையாமல் இருந்தால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். நிமிர்த்தி உட்கார வைத்தே உணவு ஊட்டுங்கள். பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். விழுங்கும்போது இருமினால் மருத்துவரிடம் காட்டுங்கள், உணவு நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சல் வர வாய்ப்புண்டு.

இன்னொன்று. பேச்சு போனவர்கள் பலருக்குப் புரிதல் ஓரளவாவது எஞ்சியிருக்கும். கண்ணை ஒருமுறை மூடினால் ஆம், இருமுறை மூடினால் இல்லை என்று பழக்கிப் பாருங்கள். முதலில் விடை தெரிந்த கேள்விகளைக் கேளுங்கள். பிறகு அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டுச் சரிபாருங்கள். அவருக்காக எல்லாவற்றையும் நாமே முடிவு செய்துவிடுகிறோம், நானும் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். பர்திமேயுவின் குறை என்னவென்று கண்ணுக்கே தெரிந்தும், "நான் உனக்கு என்னசெய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று ஆண்டவர் அவனிடமே கேட்டார்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பத்து நாட்களாகக் கண் ஜாடையைப் பழக்கினேன். எங்கள் அம்மாவின் பெயரைச் சரியாகவும் தவறாகவும் மாற்றி மாற்றிக் கேட்டேன்; பெரும்பாலும் சரியாகவே பதில் வருகிறது. நேற்று, அன்று வந்தவர் மறுபடியும் ஜெபிக்க வரலாமா என்று கேட்டேன். இருமுறை மூடினார். கேள்வியைத் திருப்பி, வர வேண்டாமா என்றேன், ஒருமுறை மூடினார். நான் ஜெபிக்கலாமா என்றதற்கும் ஒருமுறைதான்.

அந்த மனிதர் எங்கள் சபையின் மூப்பர்களில் ஒருவர். அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது என்று யாராவது வழி சொல்வீர்களா?