பில் விதர்ஸ் 32 வயது வரை எங்கே இருந்தார்?

தந்திக்கம்பி:
'எயின்ட் நோ சன்ஷைன்' பாட்டை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது வந்தது அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸின் முதல் ஆல்பத்தில், அப்போது அவருக்கு 32 வயது என்பது நேற்றுத்தான் தெரிந்தது. அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்? ஏதாவது பேண்டில் பின்வரிசையில் வாசித்தாரா? ஆல்பம் அட்டையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிறாரே, அது போட்டோவுக்காகப் போட்ட வேஷமா?

பழைய ரெக்கார்டு:
வேஷமெல்லாம் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில், சாப்பாட்டு இடைவேளையில் எடுத்த படம் அது. போயிங் 747 விமானங்களுக்குக் கழிப்பறை செய்கிற வேலை. பேண்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

பிறந்தது 1938இல், மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். வளர்ந்தது பக்கத்திலிருக்கும் பெக்லியில். 13 வயதில் அப்பா இறந்துவிட்டார். போதாக்குறைக்குத் திக்குவாய். பாட்டிதான் பெரிய துணை. 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' பாட்டு அந்தப் பாட்டியைப் பற்றியதுதான். அப்புறம் கடற்படையில் 9 வருடம். வெளியே வந்து வீடு வீடாகப் பால் போட்டார், தொழிற்சாலை வேலைக்குப் போனார்.

பாட்டுப் பக்கம் திரும்பிய கதையை அவரே சொல்லியிருக்கிறார், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓக்லாந்தில் ஒரு கிளப்பில் லூ ரால்ஸ் பாட வேண்டும், ஆளைக் காணோம். வாரம் 2,000 டாலர் கொடுத்தும் நேரத்துக்கு வரமாட்டேன் என்கிறாரே என்று மேனேஜர் புலம்புகிறார். கேட்டுக்கொண்டிருந்த விதர்ஸுக்கு அப்போது மணிக்கு 3 டாலர் சம்பளம். ரால்ஸ் உள்ளே நுழைந்ததும் பெண்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். அடகுக்கடையில் ஒரு மலிவு கிட்டாரை வாங்கி, வாசிக்கக் கற்றுக்கொண்டு, பாட்டு எழுத ஆரம்பித்துவிட்டார் மனுஷன். 'கலைத் தாகம்' என்று யாராவது உருகினால் இந்தக் கதையைத்தான் எடுத்துவிடுவேன்.

மெட்டுக்காரன்:
அண்ணன் சொன்னதோடு ரெக்கார்டிங் பக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். சொந்தச் சம்பளத்தில் மாதிரிக்குப் பாடிய டெமோ டேப் போட்டுப் பல கம்பெனிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ் நடத்திய கிளாரன்ஸ் அவாந்த் எடுத்துக்கொண்டார். தயாரிப்பு புக்கர் டி. ஜோன்ஸ், கிட்டாரில் ஸ்டீபன் ஸ்டில்ஸ். முதல் ஆல்பம் போடுகிற ஒருவருக்கு இது சாதாரண கூட்டம் இல்லை.

'எயின்ட் நோ சன்ஷைன்' பாட்டின் நடுவில் 'ஐ நோ' என்று 26 தடவை வருகிறதே, அந்த இடத்துக்கு வரி எழுதுவதாகத்தான் இருந்தார். அப்படியே விடு என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். இவர்களுக்கெல்லாம் அனுபவம் இருக்கிறது, நாம் தொழிற்சாலை ஆள்தானே என்று விட்டுவிட்டார். எனக்கென்னவோ எழுதியிருந்தால் பாட்டு கெட்டுப் போயிருக்கும்.

இன்னொன்று, 1971இல் சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சின்னத் தட்டாக, வந்தபோது அது பி-சைடு, பின்பக்கம்! முன்பக்கம் 'ஹார்லெம்'. ரேடியோக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள், அமெரிக்காவின் பில்போர்டு பாட்டு வரிசையில் 3ஆம் இடம் வரை போனது. அடுத்த வருடம் கிராமி விருது.

தந்திக்கம்பி:
இரண்டு பேருக்கும் நன்றி. சரி, ஆல்பம் வந்ததும் வேலையை விட்டுவிட்டாரா?

பழைய ரெக்கார்டு:
அவ்வளவு சீக்கிரம் விடுகிற ஆளில்லை. பாட்டு இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும் என்று வேலையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு தொழிற்சாலையே ஆட்குறைப்பில் நிறுத்தியது. அப்புறம் ஒரே நாளில் இரண்டு கடிதம் வந்ததாகச் சொல்வார். ஒன்று வேலைக்குத் திரும்பி வா என்பது, இன்னொன்று ஜானி கார்சனின் டிவி நிகழ்ச்சியில் பாட அழைப்பு.

இந்தச் சந்தேகப் புத்தி கடைசி வரை போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். 1985 ஆல்பத்தோடு ரெக்கார்டு கம்பெனிகளுக்கே கும்பிடு போட்டுவிட்டார். பிடிக்காத இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க அவருக்கு அவசியம் இல்லை, வேறு வேலை செய்து பிழைத்தவர்தானே. இருபது வயதிலேயே புகழ் வந்திருந்தால் அப்படி எழுந்து போயிருப்பாரா, சந்தேகம்தான்.

நீங்கள் அந்த முதல் ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள், முதல் பாட்டே 'ஹார்லெம்'தான்.