மருந்துச் சாடியின் அடியில் ஒரு சேவல்: இத்தாலியப் பழங்கலத்தின் வயதை அறிவது எப்படி?

கேள்வி

வணக்கம். டஸ்கனியில் ஒரு பழம்பொருள் கடையில், நடுப்பகுதி ஒடுங்கிய, நீலமும் மஞ்சளுமாக இலைக்கொடி தீட்டிய மஜோலிக்கா மருந்துச் சாடி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அது 16ஆம் நூற்றாண்டில், மஜோலிக்காவுக்குப் பெயர்பெற்ற தெருத்தா என்ற இத்தாலிய ஊரில் செய்யப்பட்டது என்கிறார் கடைக்காரர். முகப்பில் 1548 என்ற ஆண்டும் தீட்டப்பட்டிருக்கிறது. அடியில் தூரிகையால் வரைந்த சிறு பறவை ஒன்று தெரிகிறது. வீட்டுக் கூடத்தில் வைக்க மிகவும் விரும்புகிறேன், நம்பி வாங்கலாமா?

மறுமொழி 1

அந்தப் பறவை சேவலாக இருந்தால், உங்கள் கேள்விக்கு விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது. 1878இல் உலிசே காண்டகல்லி பொறுப்பேற்ற ஃபிளாரன்ஸ் பட்டறையின் குறி சேவல். இத்தாலிய மொழியில் அந்தக் குடும்பப் பெயருக்குள்ளேயே சேவலும் அதன் கூவலும் இருக்கின்றன. மறுமலர்ச்சிக் காலத்து மஜோலிக்காவை மிகுந்த திறமையுடன் மீண்டும் செய்து விற்ற பட்டறை அது; தன் குறியையும் மறைக்காமல் இட்டது. ஆகவே முகப்பிலுள்ள ஆண்டைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். பழைய கலத்தைப் பார்த்துச் செய்பவர் அதிலுள்ள ஆண்டையும் சேர்த்தே தீட்டிவிடக்கூடும்.

நான் எந்தச் சாடியையும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பேன். மஜோலிக்கா என்பது வெள்ளீயம் கலந்த வெண்ணிற மெருகுப் பூச்சின்மேல் வண்ணம் தீட்டிச் சூளையில் சுட்ட மண்கலம். அந்தப் பூச்சு எளிதில் உடைவதால், நெடுங்காலம் புழங்கிய கலத்தின் விளிம்பில் சில்லுகள் பெயர்ந்து உள்ளிருக்கும் வெளிர்நிற மண் தெரியும். மருந்துக் கடையின் அலமாரித் தட்டில் நெருக்கமாக அடுக்கிய சாடியைக் கையால் பற்றி எடுப்பதற்காகவே நடு ஒடுங்கியிருக்கிறது. வாயைத் தோலாலோ துணியாலோ மூடிக் கயிறு கட்டுவதற்காகவே விளிம்பு வெளியே மடிந்திருக்கிறது. எனவே தேய்மானம் இந்த இடங்களிலும் அடிவளையத்திலும் ஒழுங்கற்று இருக்க வேண்டும். கலம் முழுவதும் ஒரே சீராக மயிரிழை வெடிப்புகளும் அவற்றில் ஒரே நிற அழுக்கும் இருந்தால், அந்தப் பழமைத் தோற்றத்தை யாரோ செயற்கையாக ஏற்றியிருக்கிறார்கள் என்றே ஐயப்படுவேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சேவல் குறியிட்ட நல்ல சாடி தன்னளவிலேயே மதிப்புள்ள பழம்பொருள்தான். 19ஆம் நூற்றாண்டுக்குரிய விலையைக் கேட்டால் தயங்காமல் வாங்குங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றோடு, இருண்ட அறையில் புற ஊதா விளக்கொளியிலும் கலத்தைப் பாருங்கள். பிற்காலத்தில் ஒட்டிப் பூசிய இடங்கள் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். விற்பவர் கூறும் காலத்தை விலைச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். 70 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருளை இத்தாலிக்கு வெளியே கொண்டுசெல்வதற்கு விதிகள் உண்டு. மதிப்பு 13,500 யூரோவுக்கு மேற்படாவிட்டாலும் ஏற்றுமதி அலுவலகத்தில் உறுதிமொழி அளிக்க வேண்டியிருக்கும். மண்ணிலிருந்து தோண்டியெடுத்த தொல்பொருளுக்கு, உறுதிமொழியோடு முடித்துக்கொள்ளும் இந்தச் சலுகை கிடையாது. இன்னொன்று, இத்தகைய மெருகில் ஈயம் உண்டு. ஊறுகாயோ பழமோ அதில் வைக்க வேண்டாம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று மீண்டும் சென்று பார்த்தேன். கொண்டையும் வாலும் தெளிவாகத் தெரிகின்றன, சேவலேதான். விளிம்பின் தேய்மானமும் இயல்பாகவே இருக்கிறது. ஃபிளாரன்ஸ், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று எழுதித் தந்து, விலையையும் அதற்கேற்பக் குறைத்தால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.