மழையே இல்லாம ரோட்டுல கடல் தண்ணி: ரோட்ட ஒசத்துனா மட்டும் போதுங்களா?

நாமக்கல் முட்டைவண்டி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாமக்கல்ல இருந்து கொச்சிக்கு முட்டை லோடு ஓட்டறேன், சொந்த வண்டி, வாரத்துக்கு ரெண்டு நடை. வாளையார் தாண்டி திருச்சூர் வழியா போயி தோப்பும்படில பாதி எறக்கிட்டு, மிச்சத்த கடலோரமா செல்லானம் போற பக்கம் சின்னச் சின்ன கடைகளுக்கு போட்டுட்டு திரும்புவேன்.

போன கார்த்திகைல ஒரு நாள், வெடியால அஞ்சு மணி இருக்கும், ஒரு சொட்டு மழை இல்ல, வானம் பூரா நட்சத்திரம், ஆனா கடைக்கு போற உள்ரோட்டுல கெண்டைக்கால் அளவு தண்ணி நிக்குது. பைப்புதான் ஒடஞ்சு போச்சுன்னு நெனச்சு எறங்கி பாத்தா ஹெட்லைட் வெளிச்சத்துல தார் ரோட்டு மேல பொடி மீனு ஓடுதுங்க, வெரல்ல தொட்டு நாக்குல வெச்சா உப்பு. கடை வெச்சிருக்கற சேச்சி வாசப்படிக்கு குறுக்க மணல் மூட்டை அடுக்கிட்டு, அரிசி பருப்பெல்லாம் கட்டல் மேல ஏத்தி வெச்சுட்டு ஒக்காந்திருக்காங்க. செவுத்துல இடுப்பு ஒசரம் வரைக்கும் பூச்சு பொரிஞ்சு விழுந்து செங்கல் தெரியுது, அதுலயும் வெள்ளையா உப்பு பூத்து கெடக்குது. இதுக்கு வேலியேற்றம்னு பேராமா, விருச்சிக மாசம், அதாவது நம்ம கார்த்திகைல, ரொம்ப ஏறுமாமா.

அந்த ரோட்ட அகலப்படுத்தி ஒசத்தி போடோணும்னு ஊர்க்காரங்க கேட்டுட்டு இருக்காங்க. எங்க ஸ்டாண்டுல பேசுனா எல்லாரும் ஒரு மீட்டர் ஒசத்துனா முடிஞ்சுதுங்கறாங்க. எனக்கும் ஒசந்த ரோடு இருந்தா நல்லதுதான், அந்த தண்ணில போயிட்டு வந்தா பிரேக் டிரம்மு, ஸ்பிரிங் பட்டை எல்லாம் துருவேறி போகுது. ஆனா சேச்சி சொல்றாங்க, ஊட்டுக்கு முன்னாடி ரெண்டு தடவ ரோட்ட ஒசத்துனாங்க, ரெண்டு தடவையும் எங்க ஊடு பள்ளமாச்சு, இப்ப ரோட்டுல இருந்து ரெண்டு படி எறங்கி உள்ள போகோணும், உள்ள வந்த தண்ணி வெளிய போக மாட்டேங்குதுன்னு. கடல் பக்கம் நாலு கால் வெச்ச கான்கிரீட் கல்லுல பெரிய சொவரே கட்டியிருக்காங்க, அது இருந்தும் தண்ணி எப்படிங்க வருது? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, அடுத்த நடை போறப்ப சேச்சிகிட்ட சொல்லோணும்.

கூடுதுறை அக்கா:

தம்பி, நான் கடல ராமேஸ்வரத்துல பாத்ததோட சரி. ஆனா மழை இல்லாம ஊட்டுக்குள்ள தண்ணி வர்றதுன்னா என்னன்னு பவானில ஆத்தோரம் குடியிருக்கற எங்கள கேளுங்க. மேட்டூர்ல 1 லட்சம் கன அடிக்கு மேல தொறந்து உட்டாங்கன்னா, காவேரி கரைய தாண்டி வர்றதுக்கு முன்னாடியே எங்க பாத்ரூம் ஓட்டைல இருந்து கொப்பளிச்சுட்டு மேல வரும். ஆத்துல தண்ணி ஏறி நின்னுட்டா சாக்கடை அங்க போயி விழ முடியாது, வந்த வழியே திரும்பிருது. ஒரு தடவ கோணிப்பைய சுருட்டி ஓட்டைல அடைச்சு மேல அம்மிக்கல்ல தூக்கி வெச்சேன், கல்லு ஓரமா நொரைச்சுட்டு வந்துச்சு. வாசல்ல நாங்க கட்டுன மண்ணு மூட்டை காஞ்சாப்புல அப்படியே இருக்குது, உள்ள கணுக்கால் தண்ணி. அந்த சேச்சி ஊட்டுலயும் தண்ணி முன்னாடி இருந்து வருதா பின்னாடி இருந்து வருதான்னு மொதல்ல கேளுங்க தம்பி.

கோபி ஓவர்சியர்:

அந்தம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் முப்பது வருசம் ரோடு வேலைலயும் வாய்க்கா வேலைலயும் இருந்து ரிட்டயர் ஆனவன், அதனால கொஞ்சம் நீட்டி எழுதறேன், பொறுத்துக்கோங்க.

செல்லானம் ஒரு ஒல்லியான மண் திட்டு. மேக்க அரபிக்கடல், கெழக்க காயல், அதாவது உப்பங்கழி. 2021 மே மாசம் டவ்தே புயல்ல கடல் ஊருக்குள்ள பூந்து ஊடுகள தூக்கிருச்சு, அதுக்கப்பறம் 344 கோடி திட்டத்துல செல்லானம் மீன்பிடி துறைமுகத்துல இருந்து புத்தன்தோடு வரைக்கும் 7 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல டெட்ராபாட் போட்டாங்க. நீங்க பாத்த நாலு கால் கல்லு அதுதான். ஒண்ணோட கால் இன்னொண்ணுல மாட்டிக்கும், அலை வந்து மோதுனா சந்துக்குள்ள பூந்து வேகம் செத்துரும். நல்லா வேலை செய்யற சொவரு, அதுல சந்தேகமே வேண்டாம். சொவரு முடியற எடத்துக்கு வடக்க இருக்கற கண்ணமாலி ஜனங்க எங்களுக்கும் போடுங்கன்னு போராடுனாங்கன்னா சும்மா இல்ல.

ஆனா அந்த சொவரு தடுக்கறது அலைய. வேலியேற்றம் அலை இல்லைங்க. கடல் மட்டமே மெதுவா மேல ஏறுது, ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, அமாவாசை பௌர்ணமிய ஒட்டி இன்னும் கொஞ்சம் கூடுதலா. அந்த தண்ணி கொச்சி அழிமுகம், அதாவது காயல் கடலோட சேர்ற வாய், அது வழியா காயலுக்கு போகுது, காயல்ல இருந்து தோட்டுக்கு (அங்க வாய்க்கால தோடும்பாங்க), தோட்டுல இருந்து சாக்கடைக்கு, சாக்கடைல இருந்து சேச்சி ஊட்டுக்கு. சொவத்துக்கு பின்னாடி பக்கமா சுத்திட்டு வருது. தோடெல்லாம் மண்ணு மூடி கெடந்தா ஏறுன தண்ணி எறங்கவும் வழியில்ல.

இப்ப ரோட்டுக்கு வர்றேன். ரோட்ட ஒசத்துனா அது ரோடு இல்ல, அணை. அணைக்கு ரெண்டு பக்கம் இருக்குதல்ல, எந்த பக்கத்து தண்ணிய நிறுத்தப்போறோம்னு முடிவு பண்ணாம ஒசத்துனா பள்ளத்துல இருக்கற ஊடெல்லாம் குட்டையாயிரும், சேச்சிக்கு ஆனது அதுதான். ரோட்டுக்கு அடில மதகு வெச்சு சும்மா தொறந்து உட்டா ஏத்தத்துல காயல் தண்ணி அது வழியாவே உள்ள வந்துரும். மதகு வெக்காம மூடுனா ஆனி ஆடி மழைத்தண்ணி வெளிய போகாது. அதனால மதகு வாய்ல ஒருபக்க கதவு வெக்கோணும், ஃப்ளாப் ஷட்டர்னு சொல்லுவோம். உள்ள தண்ணி ஒசரமா இருந்தா தானா தொறந்து வெளிய உடும், வெளிய ஒசந்தா தானா சாத்திக்கும். ஏத்தமும் பெருமழையும் ஒரே நேரத்துல வந்தா கதவு சாத்தியே கெடக்கும், அப்ப உள்ள சேர்ற தண்ணிய மோட்டார் வெச்சு எறைக்கோணும். குட்டநாட்டுல கடல் மட்டத்துக்கு கீழ நெல்லு போடறவங்க பெட்டி பறைன்னு ஒண்ணு வெச்சு காலங்காலமா இதத்தான் பண்ணிட்டு இருக்காங்க.

ரோடு கெட்டுப்போகாம நிக்கோணும்னா அதுக்கு அடில இருக்கற மண் படுக்கையோட அடிமட்டம் ஏறுதண்ணிக்கு 60 சென்டிமீட்டராவது மேல இருக்கோணும். ஈரத்துலயே ஊறி கெடந்தா மேல எவ்வளவு தார் ஊத்துனாலும் லாரி டயரு பட்ட எடம் குழியாயிரும். ஒசத்தறதுக்காக மண்ணா கொட்டுனாலும் ஆபத்து இருக்குது. அந்த பக்கம் அடிமண்ணு சேறு மாதிரி களிமண்ணு, பாரம் தாங்காது. 2025 மே 19ல மலப்புறம் கூரியாட்டுல என்எச் 66 என்னாச்சு? வயக்காட்டு மேல ஒசரமா மண்ணு கொட்டி போட்ட ரோடு, அடிமண்ணு எடம் குடுக்காம சரிஞ்சு சர்வீஸ் ரோட்டு மேல விழுந்துச்சு.

ஆலப்புழா சங்கனாசேரி ரோட்டுல வேற மாதிரி யோசிச்சாங்க. 24 கிலோமீட்டர், குட்டநாட்டுக்கு நடுவுல போற ரோடு, 2018 வெள்ளத்துல முழுகிப்போச்சு. முழுசையும் மண்ணு போட்டு ஒசத்தாம ரொம்ப பள்ளமான எடத்துல மட்டும் தூண் வெச்சு மேல கொண்டு போனாங்க, தண்ணி கீழ பாட்டுக்கு போகும். செலவு கூடுதல்தான், ஆனா ஊட்ட முழுகடிக்காது.

பனியன் ஊரான்:

ஐயா எழுதுனத படிச்சதும் நேர்ல பாத்தது ஞாபகம் வந்துச்சுங்க. பையன பாக்க நெதர்லாந்து போனப்ப அஃப்ஸ்லூயிட்டைக் வழியா கார்ல கூட்டிட்டு போனாங்க. 1932ல முடிச்ச கடல் அணை, 32 கிலோமீட்டர், அது மேலயே ஏ7 ஹைவே. ஒரு பக்கம் உப்பு கடல், மறுபக்கம் நல்ல தண்ணி ஏரி, நடுவுல நாம போறோம். இப்ப அத பலப்படுத்தற வேலை நடக்குது, கடல் பக்க சரிவுல ஒவ்வொண்ணும் ஆறரை டன் இருக்கற கான்கிரீட் கட்டி 75,000 அடுக்கியிருக்காங்க. எனக்கு பெருசா பட்டது அது இல்லைங்க. இத்தன வருசமா ஏரித்தண்ணிய கடல் எறங்கற நேரம் பாத்து மதகு தொறந்து வெளிய உட்டுட்டு இருந்தாங்க, கடல் மட்டம் ஏறஏற அந்த எறக்க நேரம் பத்த மாட்டேங்குதுன்னு இப்ப பெரிய பம்பு வெக்கறாங்க. அவ்வளவு பெரிய சொவரு கட்டுனவங்களே உள்தண்ணிய வெளிய அனுப்ப இவ்வளவு மெனக்கெடறாங்க, நம்ம ஆளுங்க சொவத்தோட நிறுத்திக்கறது எனக்கு மனசே ஆற மாட்டேங்குது.

கரூர்க்காரன்:

எத்தன கோடி கொட்டுனாலும் கடலோட மல்லுக்கட்ட முடியுங்களா? கேரளாலயே புனர்கேகம்னு திட்டம் இருக்குது, கடலோரம் 50 மீட்டருக்குள்ள இருக்கற குடும்பத்துக்கு 10 லட்சம் குடுத்து வேற எடம் போகச் சொல்றாங்க. அந்தம்மா அத வாங்கிட்டு போயிரலாமே.

நாமக்கல் முட்டைவண்டி:

அண்ணா, நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க. ஆனா சேச்சி ஊடு கடல்ல இருந்து நானூறு ஐநூறு மீட்டர் தள்ளி காயல் பக்கம் இருக்குதுங்க, அம்பது மீட்டர் கணக்குல வராது. காவேரில தண்ணி வருதுன்னு கூடுதுறை அக்கா ஊட்ட காலி பண்ண சொல்லுவமா? அவங்க ஊட்டுக்காரர் மீனுக்கு போறவரு, வல்லத்த உட்டுட்டு எங்க போவாரு. நேத்து போன் பண்ணி அக்கா சொன்னத கேட்டேன். தண்ணி கொல்லைப்பக்கம் தோட்டுல இருந்துதான் மொதல்ல வருமாம், ரோட்டுக்கு அதுக்கப்பறந்தான் ஏறுமாம். மூணு வருசமா போறேன், எனக்கு அது தெரியல.

பொள்ளாச்சி நாரு:

களிமண்ணு மேல ரோடு போடற பேச்சு வந்ததால சொல்றேன். தென்னநாருல நெய்யற விரிப்பு, காயர் ஜியோ டெக்ஸ்டைல், எங்க பக்கம் தறி போட்டு நெய்யறோம். எளகின மண்ணுக்கும் மேல போடற ஜல்லிக்கும் நடுவுல விரிச்சா ஜல்லி சேத்துக்குள்ள பொதையாது. 2020ல கிராம ரோடுகளுக்கு இத போடலாம்னு மத்திய அரசே ஒத்துக்கிச்சு, தமிழ்நாட்டுக்கு மட்டும் 369 கிலோமீட்டர் ஒதுக்குனாங்க. தோட்டுக்கரை சரிவுலயும் விரிக்கலாம், புல்லு புடிச்சு கரை நிக்கும். நான் விக்கறவன், இருந்தாலும் உள்ளத சொல்றேன், நாலஞ்சு வருசத்துல நாரு மக்கிரும், அதுக்குள்ள மண்ணு இறுகியிருக்கோணும். கடல் அலை நேரா அடிக்கற எடத்துக்கு இது ஆகாது.

கோபி ஓவர்சியர்:

நாரு விரிப்பு தோட்டுக்கரைக்கு நல்ல யோசனைதான். இன்னொண்ணு எழுத மறந்துட்டேன், இதுதான் முக்கியம். ஷட்டர் வெச்சா மட்டும் போதாது. நம்ம கீழ்பவானி வாய்க்கால்ல ஒவ்வொரு மதகையும் பாத்துக்க லஸ்கர் இருந்தாரு, சைக்கிள்ல கரையோட போயி செத்தை எடுத்து, கிரீஸ் போட்டு, எந்த கதவு எவ்வளவு தொறந்திருக்குதுன்னு நோட்டுல எழுதுவாரு. லஸ்கர் எடம் காலியான பகுதில ரெண்டே வருசத்துல கதவு இறுகி, கடைமடைக்காரங்க தண்ணிக்கு அலைஞ்சத நான் பாத்திருக்கேன். உப்புத்தண்ணில கதவு அதவிட சீக்கிரம் கெடும். ஒரு பிளாஸ்டிக் பையி, ஒரு தேங்கா மட்டை கதவு எடுக்குல சிக்குச்சுன்னா போதும், ராத்திரி பூரா காயல் உள்ள வந்துட்டே இருக்கும். ரோடு வேணும்னு மனு குடுக்கறப்ப தோட்ட தூர்வாரோணும், மதகுக்கு ஒருபக்க கதவு வேணும், கதவ பாத்துக்க சம்பளத்தோட ஒரு ஆளு வேணும்னு மூணையும் சேத்து எழுதச் சொல்லுங்க.

வண்டிக்கும் ஒரு வெவரம் சொல்லிர்றேன். ஏத்த நேரம் தெனமும் சுமாரா 50 நிமிசம் தள்ளி தள்ளி போகும். இன்னைக்கு அஞ்சுக்குன்னா நாளைக்கு கிட்டத்தட்ட ஆறு மணி. அமாவாசை பௌர்ணமி வாரத்துல அதுக்கு தக்கன லோடு எடுங்க. எங்கயோ தூரத்து கடல்ல கெளம்புன பெரிய அலை திடீர்னு கரைக்கு வர்றத கள்ளக்கடல்ம்பாங்க, அந்த எச்சரிக்கைய ஹைதராபாத்துல இருக்கற இன்காய்ஸ்ங்கற மத்திய அரசு கடல் தகவல் மையத்துல இருந்து முன்கூட்டியே உடறாங்க, அதையும் பாத்துட்டு கெளம்புங்க. உப்புத்தண்ணில எறங்கிட்டா அன்னைக்கே நல்ல தண்ணில அடிப்பாகத்த கழுவிருங்க.

நாமக்கல் முட்டைவண்டி:

ரொம்ப நன்றிங்கய்யா, எல்லாருக்கும்தான். மூணையும் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டேன், அங்க பள்ளிக்கொடத்துல வேலை பாக்கற பாலக்காட்டு தமிழ் டீச்சரம்மா ஒருத்தங்க மலையாளத்துல எழுதி தர்றேன்னாங்க. வியாழக்கெழம லோடு இருக்குது. சேச்சி ஊட்டு பக்கத்துல ரோட்டுக்கு குறுக்க ஒரு மதகு இருக்குது, கதவு இருக்குதா இல்லையான்னு பாத்து போட்டோ போடறேன்.

கோபி ஓவர்சியர்:

எறக்க நேரமா பாத்து போங்க தம்பி. ஏத்தத்துல போனீங்கன்னா மதகோட வாயே கண்ணுக்கு தெரியாது. ரெண்டு பக்கமும் எடுங்க, காயல் பக்கத்த கிட்டத்துல இருந்து.