நொதிமுறி: ஆன்டிசைமுக்கு இந்தச் சொல் சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

டேபர் இணையரின் ஆய்வு பற்றிய கட்டுரை வரைவுக்கு வந்த மடல்களை எல்லாம் படித்தேன். பெரும்பாலான திருத்தங்களை அப்படியே ஏற்றுக்கொண்டேன். ஆன்டிசைம் (antizyme) என்னும் புரதத்துக்கான தமிழ்ச் சொல்லில் மட்டும் மனம் ஒப்பவில்லை, அதற்குத்தான் இந்த நீண்ட மடல். வந்த மடல்களில் ஒன்று இப்படிக் கேட்டது:

> ஆன்டிசைமுக்கு எதிர்நொதி என்றே வைத்துவிடலாம் ஐயா. ஆன்டி என்றால் எதிர், சைம் என்றால் நொதி. பொருத்தமாகத்தானே இருக்கிறது?

நானும் முதலில் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனால் அது செல்லுக்குள் என்ன செய்கிறது என்று அடுத்த பத்தியில் விளக்கப் போனபோது, சொல் ஒரு பக்கம் இழுத்தது, விளக்கம் இன்னொரு பக்கம் இழுத்தது. வரைவைப் படிக்காதவர்களும் இருப்பீர்கள், அதனால் விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

ஹெர்பர்ட் டேபரும் அவர் மனைவி சீலியா வைட் டேபரும் அமெரிக்காவில் பெதஸ்டாவிலுள்ள தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பல பத்தாண்டுகள் பாலிஅமைன்களை, அதாவது செல்லுக்குள் இருக்கும் பியூட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் போன்ற சிறு மூலக்கூறுகளை, ஆராய்ந்தவர்கள். சீலியா 2012இல் மறைந்தார், ஹெர்பர்ட் 2020இல், 101 வயதில். பாலிஅமைன் செய்யும் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிய பாக்டீரியாவையும் ஈஸ்டையும் உருவாக்கி, இவை இல்லாவிட்டால் செல் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். ஈ.கோலை மெதுவாகவாவது வளர்ந்தது. ஈஸ்ட் அப்படியில்லை, உள்ளே இருந்த கையிருப்பு தீர்ந்ததும் வளர்ச்சி நின்றுபோனது, மிகச் சிறிதளவு ஸ்பெர்மிடின் கொடுத்ததும் மறுபடி வளர ஆரம்பித்தது. இவ்வளவு சின்ன மூலக்கூறு, நேர்மின்னேற்றம் கொண்ட இரண்டு முதல் நான்கு நைட்ரஜன்கள் ஒரு கார்பன் சங்கிலியில் கோத்த மாதிரி இருப்பது, அது இல்லையென்றால் ஓர் உயிர் வளராது என்பதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இதைத் தமிழில் ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்ற ஆசை.

இனி நம் உடலுக்கு வருவோம். ஆர்னிதின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பியூட்ரெசினை உண்டாக்கும் நொதி ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ். பாலிஅமைன் உற்பத்திக்கு இதுதான் வாசல். 1968இல் டயான் ரஸ்ஸலும் சாலமன் ஸ்னைடரும் எலியின் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, மீதி வளரும்போது அளந்து பார்த்தார்கள். சில மணி நேரத்திலேயே இந்த நொதியின் செயல் பலமடங்கு ஏறியிருந்தது. கோழிக்கருவிலும் புற்றுக்கட்டிகளிலும் அதே கதை. வளர்ச்சி வேகமாக நடக்கும் இடத்தில் இது ஏறுகிறது, சரி, அப்புறம் இதை இறக்குவது யார்?

அதுதான் ஆன்டிசைம். 1976இல் கனெல்லாக்கிஸ் குழுவினர் அதை அறிவித்தார்கள். பாலிஅமைன் மிகுந்துபோனால் அந்தப் பாலிஅமைனே ஆன்டிசைம் என்னும் புரதம் உண்டாக வழிசெய்கிறது. ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் இரண்டு துண்டுகள் சோடி சேர்ந்தால்தான் வேலை செய்யும், தனித்துண்டால் முடியாது. சோடியின் பிடிப்பும் அவ்வளவு இறுக்கமில்லை, சேர்வதும் பிரிவதுமாக இருக்கும். ஆன்டிசைம் வந்து ஒரு துண்டைப் பிடித்துக்கொள்கிறது, அந்தப் பிடி பழைய சோடியின் பிடியைவிட வலுவானது. சோடி முறிகிறது. பிடிபட்ட துண்டு புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமுக்குப் போகிறது. மற்ற புரதங்கள் பெரும்பாலும் யூபிக்குவிட்டின் என்ற அடையாளம் ஒட்டப்பட்டால்தான் அங்கே போகும், இது அந்த அடையாளம் இல்லாமலே போகிறது. நம் செல்களில் இந்த நொதியில் பாதி அழிய 10 முதல் 30 நிமிடமே ஆவதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். தமிழில் இரு சொல் சேர்ந்தால், பொதுவாகக் கடைசியில் நிற்கும் சொல்தான் அந்தப் பொருள் எது என்று சொல்லும், முன்னால் நிற்பது அது எப்படிப்பட்டது என்று சொல்லும். எதிரொலியும் ஒலிதான். எதிர்க்கட்சியும் கட்சிதான். எதிர்நீச்சல் போடுகிறவரும் நீந்திக்கொண்டுதான் இருக்கிறார். எதிர்வாதம், எதிர்வினை, எதிர்காற்று, எதை எடுத்தாலும் அப்படித்தான். அப்படியானால் எதிர்நொதி என்று கேட்டவுடன் ஒரு பிளஸ் டூ மாணவி என்ன நினைப்பார்? ஏதோ ஒரு நொதி, இன்னொரு நொதி செய்த வினையைத் திருப்பிச் செய்கிறது என்றுதான் நினைப்பார். ஆன்டிசைம் நொதியே அல்ல. அது எந்த வினையையும் ஊக்குவதில்லை. ஆங்கிலப் பெயரிலும் இந்தக் குறை கொஞ்சம் இருக்கிறது, அதை நாமும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன?

இதைக் கவனித்துத்தான் யாழ்ப்பாண நண்பர் நொதியெதிரி என்று திருப்பிப் போட்டார் என்று நினைக்கிறேன். இலங்கையில் பிறபொருளெதிரி (ஆன்டிபாடி), நுண்ணுயிரெதிரி (ஆன்டிபயாட்டிக்) என்ற சொற்கள் வழக்கில் இருப்பதால் அதே அச்சில் அழகாக வந்து விழுகிறது. இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. (அங்கே பாடநூல்களில் நொதியம் என்பதால் நொதியவெதிரி என்று ஆகும், அதுவும் பரவாயில்லை.) என் தயக்கம், எதிரி என்பது எந்த வகையில் எதிரி என்பதைச் சொல்லவில்லை. நொதித் தடுப்பான்கள் எல்லாமே ஒரு வகையில் நொதிக்கு எதிரிகள்தான். எஃப்லோர்னிதின் மருந்து இதே ஆர்னிதின் டிகார்பாக்சிலேசின் வினைமையத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதைச் செயலற்றதாக்குகிறது, அதையும் நொதியெதிரி என்று ஒருவர் எழுதினால் தவறு என்று எப்படிச் சொல்வது? அது உட்கார்ந்து அடைக்கிறது, இது பிரித்து இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டும் வேறு வேறு வேலை.

நொதிக்கொல்லி என்ற யோசனையும் வந்தது. அது வேண்டாம். ஆன்டிசைம் தானாக எதையும் கொல்வதில்லை, சிதைப்பது புரோட்டியசோம். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி எல்லாம் கடையில் வாங்கித் தெளிக்கிற பொருள்கள், செல் தன்னைத் தானே கட்டுக்குள் வைத்துக்கொள்ளச் செய்யும் ஒரு புரதத்துக்கு அந்த வாடை ஒட்டாது.

இரண்டு நாள் யோசித்ததில் எனக்குக் கிடைத்தது முறி. நஞ்சுமுறி, விஷமுறிவு என்று நம் மருத்துவத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் சொல். பாட்டி வைத்தியத்தில்கூட இன்னதற்கு இன்னது முறிவு என்று சொல்கிறோம், அதாவது ஒன்றின் வீரியத்தை இன்னொன்று போக்குவது. ஆகவே நொதிமுறி. கடைசியில் நிற்பது முறி, அதனால் அதை ஒரு நொதி என்று யாரும் எண்ண மாட்டார்கள். நொதியின் வீரியத்தை முறிப்பது என்ற பொருள் விளக்காமலே புரியும். எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது காரணம்: இது உண்மையிலேயே முறிக்கிறது, அந்தச் சோடியை. ஆங்கிலப் பெயரில் இல்லாத ஒரு செய்தி தமிழ்ப் பெயரில் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

கலைச்சொல்லுக்கு நான் எப்போதும் வைக்கும் சோதனை, அதிலிருந்து அடுத்த சொல் பிறக்கிறதா என்பது. செல்லில் இன்னொரு புரதம் இருக்கிறது. பார்க்க ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் மாதிரியே இருக்கும், ஆனால் அந்த நொதியின் வேலையைச் செய்யாது. ஆன்டிசைமை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு உண்மையான நொதியை விடுவித்துவிடும். ஆங்கிலத்தில் அதை ஆன்டிசைம் இன்ஹிபிட்டர் என்கிறார்கள். எதிர்நொதித் தடுப்பான் என்று எழுதினால் இரண்டு எதிர்மறை மோதிக்கொண்டு படிப்பவர் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. நொதிமுறித் தடுப்பான் என்றால் முறிப்பதைத் தடுப்பது என்று ஒரே மூச்சில் போகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆன்டிசைம் வெளியிலிருந்து பாலிஅமைன் செல்லுக்குள் வருவதையும் குறைக்கிறது. நொதிமுறி என்ற பெயரில் அந்த வேலை அடங்காது. ஆங்கிலப் பெயரிலும் அடங்கவில்லை, எந்தப் பெயரிலும் முழு வேலையும் அடங்காது என்பதால் அதை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். இலங்கையில் முறி என்றால் கடன்பத்திரம் நினைவுக்கு வருமே என்பீர்கள். நொதியோடு சேர்ந்து வரும்போது குழப்பம் இருக்காது.

பாலிஅமைன் பற்றி. பல்லுயிர், பல்லாண்டு போல பல்லமைன் என்று எழுதலாம் என்ற யோசனையை ஏற்கிறேன், கட்டுரையில் இனி அப்படியே மாற்றுகிறேன். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலைப் பின்பற்றிப் பல்லமீன் என்று எழுத வேண்டாம். அமீன் தனியாக நிற்கும்போது சிக்கலில்லை. பல்லமீன் என்று சேர்ந்துவிட்டால் கண் முதலில் மீனைத்தான் பார்க்கிறது, வேதியியல் படிக்காத ஒருவரிடம் காட்டியபோது அவர் ஏதோ மீன்வகை என்றே எண்ணினார். இலங்கை வழக்கான அமைன் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது.

பியூட்ரெசினை அழுகலின் என்றும் ஸ்பெர்மினை விந்தின் என்றும் மொழிபெயர்க்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஸ்பெர்மின் என்பது, நுண்ணோக்கியில் பார்த்த லேவன்ஹூக் 1678இல் விந்தில் கண்ட படிகங்களிலிருந்து வந்த பெயர், ஆனால் அந்தப் பொருள் நம் செல்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. கண்டெடுத்த இடத்தை வைத்து அன்று போட்ட பெயரைத் தமிழில் பெயர்த்தால் தவறான செய்தியைத்தான் பரப்புவோம். அவை ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும்.

மெட்டபாலிசத்துக்கு வளர்சிதைமாற்றம் போதும். ஒன்று மட்டும்: செல்கள் எண்ணிக்கையில் கூடுவதைப் பெருக்கம் என்றே எழுதுவோம். "பல்லமைன் வளர்சிதைமாற்றம் செல் வளர்ச்சிக்குத் தேவை" என்ற வாக்கியத்தில் இரண்டு வளர் வந்து, முதல் வளர் என்ன இரண்டாவது வளர் என்ன என்று படிப்பவர் தடுமாறுகிறார்.

ஆன்டிசைம் பற்றிய பத்தியை நான் இவ்வளவு விரிவாக்குவது ஏன் என்று ஒரு மடலில் கேட்டிருந்தீர்கள் அம்மா. மருந்தும் இதோடு சேர்ந்தது என்பதால்தான். எஃப்லோர்னிதின் 1990இல் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்து நம் நொதியையும் தாக்கும், அந்த நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் நொதியையும் தாக்கும், ஆனால் நம்முடையது நிமிடக் கணக்கில் சிதைந்து புதிதாக உண்டாகிக்கொண்டே இருப்பதால் நாம் சமாளித்துவிடுகிறோம். ஒட்டுண்ணியின் நொதியில் விரைவான சிதைவுக்குத் தேவையான, நம் நொதியின் கடைசியில் இருக்கும் வால்பகுதி இல்லை, அது நெடுநேரம் நிலைத்திருக்கிறது, அதனால் ஒருமுறை செயலிழந்தால் ஈடுகட்ட அதனால் முடிவதில்லை. 2023 டிசம்பரில் அதே மருந்து, குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா புற்று மீண்டும் தலைதூக்கும் ஆபத்தைக் குறைப்பதற்காகவும் அங்கே அனுமதி பெற்றது. ஒரு நொதி எவ்வளவு வேகமாக அழிகிறது என்பது இங்கே உயிர் காக்கும் விஷயம். அதை விளக்கும் சொல்லைப் படிப்பவர் தப்பாகப் புரிந்துகொண்டால் மீதிக் கட்டுரையும் தப்பாகத்தான் போய்ச் சேரும்.

ஞாயிற்றுக்கிழமை வரை வரைவைத் திறந்து வைத்திருக்கிறேன். நொதிமுறிக்கு மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், மாற்றுச்சொல்லோடு எழுதினால் இன்னும் நல்லது. நொதிமுறித் தடுப்பானில் ஒற்று மிகும் என்று வேற்றுமைத்தொகையாகக் கொண்டு எழுதியிருக்கிறேன், இலக்கணம் தெரிந்தவர்கள் அதையும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.