கலைச்சொல்: ‘ஏர்போர்ன் சயன்ஸ்’ விமானங்கள் தங்கும் இடத்துக்கு என்ன பெயர்?

வணக்கம்.

கலிஃபோர்னியாவின் மோகாவி பாலைவனத்தில், பாம்டேல் நகரில் நாசாவின் அறிவியல் விமானங்கள் தங்கும் 703-ஆம் எண் கட்டடம் பற்றிக் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்று வரைவில் இருக்கிறது. அதில் அந்த இடம் ‘ஆராய்ச்சி விமானத் தளம்’ எனப்படுகிறது. வடகிழக்கே எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்குள் இருக்கும் நாசாவின் ஆம்ஸ்ட்ராங் மையத்துக்கும் வரைவில் அதே பெயர்தான். நிர்வாகம் ஒன்று என்றாலும் இரண்டு இடங்களிலும் நடக்கும் வேலை வேறு. பிரித்துச் சொல்ல என்ன சொற்கள் வைக்கலாம்?

* * *

> ‘ஆராய்ச்சி விமானத் தளம்’

சிக்கல் ‘ஆராய்ச்சி விமானம்’ என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. விமானத்தை ஆராய்கிறோமா, விமானத்தில் ஏறி வேறொன்றை ஆராய்கிறோமா?

எட்வர்ட்ஸில் நடப்பது முதலாவது. அந்த இடம் மியூராக் என்று அழைக்கப்பட்ட 1946-ல், நாசாவுக்கு முன்னோடியான நாக்காவின் பொறியாளர் குழு எக்ஸ்-1 சோதனைக்காக அங்கே வந்தது. 1947 அக்டோபர் 14 அன்று அந்த விமானம் ஒலிவேகத்தைக் கடந்தது. ஒலிவேகத்தை நெருங்கும்போது அதிர்ச்சி அலை உருவாகி, வாலில் இருக்கும் ஏற்றஇறக்கச் சுக்கானுக்குப் பிடி இல்லாமல் போனது. கிடைமட்ட வால் முழுவதையும் அசைத்துத்தான் விமானத்தைக் கட்டுப்படுத்த முடிந்தது. பிறகு 1959 முதல் 1968 வரை எக்ஸ்-15 ராக்கெட் விமான வகையில் 199 பறப்புகள். இங்கே கேள்வியும் விமானம்தான், விடையும் விமானம்தான்.

பாம்டேலில் இருந்து போன டிசி-8 பழைய பயணிகள் ஜெட். அதன் இறக்கையைப் பற்றி யாருக்கும் கேள்வி இல்லை. 2016–2018 காலத்தில் ‘ஏடாம்’ திட்டத்துக்காக அது பசிபிக் வழியே தெற்கே போய் அட்லாண்டிக் வழியே வடக்கே வந்தது. கடல்மட்டத்துக்கு மேல் சில நூறு மீட்டரில் இருந்து 12 கி.மீ. வரை ஏறி இறங்கியபடியே காற்றின் கலவையை அளந்தது. சோஃபியா 2.7 மீட்டர் ஆடி கொண்ட அகச்சிவப்புத் தொலைநோக்கியைச் சுமந்த 747. இங்கே விமானம் சுமக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே ஃப்ளைட் ரிசர்ச்சுக்குப் ‘பறப்பாய்வு’, ஏர்போர்ன் சயன்ஸுக்கு ‘விமானவழி அறிவியல்’ என வைக்கலாம். ‘வான்வழி ஆய்வு’ பொருந்தாது. வெள்ளச் சேதத்தை ஹெலிகாப்டரில் இருந்து பார்வையிடுவதற்கு நாளிதழ்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டன.

அடுத்து ‘தளம்’. கருவியைச் சுமக்கும் விமானத்தையே அறிவியலாளர்கள் பிளாட்ஃபார்ம் என்கிறார்கள். அதையும் நாம் தளம் என்றே மொழிபெயர்க்கிறோம். ‘விமானவழி அறிவியல் தளம்’ என்றால் இஆர்-2 விமானமா, அது நிற்கும் கட்டடமா, இணையதளமா என்று தெரியாது.

என் பரிந்துரை ‘பணிமனை’. பேருந்து எந்த ஊர் நிலையத்தில் நின்றாலும் அதற்குச் சொந்த இடம் ஒரு பணிமனை. இரவு அங்கேதான் நிற்கும், பழுது அங்கேதான் பார்க்கப்படும். 703-லும் அதுவே நடக்கிறது. ஒரு கருவி டிசி-8 போன்ற விமானத்தில் ஏறும் முறையைப் பார்த்தால் புரியும். கருவியை வைக்கும் அடுக்குச் சட்டத்தின் எடையும் ஈர்ப்புமையமும் முதலில் எழுத்தில் வர வேண்டும். விபத்தில் முன்னோக்கி வரும் 9 ஜி விசையை, அதாவது எடையைப்போல் ஒன்பது மடங்கைத், திருகாணிகள் தாங்கும் என்று கணக்குக் காட்ட வேண்டும். லேசர், அழுத்த வாயு உருளை, திரவ நைட்ரஜன் எதுவானாலும் அபாயக் குறிப்பு தனி. பிறகு சட்டத்தை எடைபோட்டு ஏற்றுவார்கள். காற்றை உறிஞ்சும் குழாய் சன்னல் இருந்த இடத்தில் பொருத்திய தகட்டின் வழியே வெளியே நீளும். அதன் வாய் விமான உடலை ஒட்டி ஓடும் மெதுவான காற்றுப்படலத்தைத் தாண்டி நிற்க வேண்டும். குட்டையாக இருந்தால் உடலில் பட்டு மாறிய காற்றைத்தான் அளக்கும். எல்லாக் கருவிகளையும் ஒன்றாக இயக்கி, விமானத்தின் வானொலியோடும் வழிகாட்டியோடும் மின்காந்தக் குறுக்கீடு வருகிறதா என்று தரையிலேயே பார்ப்பார்கள். அதற்கப்புறம் ஒரு சரிபார்ப்புப் பறப்பு. அளவீட்டுப் பறப்பு கடைசியில்தான்.

* * *

முந்தைய மடலின் முதல் பாதி முழுக்கச் சரி. ‘பறப்பு’ இலங்கையில் நாளாந்தம் புழங்கும் சொல், எங்களுக்குப் புதிதே இல்லை.

‘பணிமனை’யை ஏற்க முடியவில்லை. இலங்கையில் பணிமனை என்றால் அலுவலகம். வலயக் கல்விப் பணிமனை, சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை என்று பெயர்ப்பலகைகளே இருக்கின்றன. பஸ் டிப்போவை நாங்கள் ‘சாலை’ என்போம். ‘விமானவழி அறிவியல் பணிமனை’ என்று யாழ்ப்பாணத்தில் வாசிப்பவர் மேசையும் கோப்பும் உள்ள இடத்தைத்தான் நினைப்பார். கலைக்களஞ்சியம் இரு கரைக்கும் பொது.

‘தாய்நிலையம்’ என்று வைத்தால் என்ன? நிலையம் இரு நாட்டிலும் ஒரே பொருளில் வழங்குகிறது. ‘தாய்’ என்ற முன்னொட்டு, திரும்பி வரும் இடம் அது என்பதைச் சொல்லிவிடும். இந்த விமானங்கள் மாதக்கணக்கில் வெளியே போகும். சோஃபியா தென்வானத்தைப் பார்க்க நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சுக்குப் போனது. டிசி-8 அண்டார்டிக்கப் பனியை அளக்க சிலியின் புண்டா அரீனாஸுக்கும், இஆர்-2 ஓசோன் ஆய்வுக்காக சுவீடனின் கிருணாவுக்கும் போயின. அந்த இடங்களை ‘வெளிநிலையம்’ எனலாம். ‘முகாம்’ வேண்டாம். எங்கள் வாசகருக்கு அந்தச் சொல்லில் வேறு சுமை இருக்கிறது.

* * *

தாய்நிலையம், வெளிநிலையம் இரண்டும் நன்று. பணிமனையைக் கைவிடலாம்.

வரைவின் தலைப்பில் உள்ள ‘பாலைவன’ என்ற அடையையும் எடுத்துவிட வேண்டும். இரண்டு இடங்களுக்கும் பாலைவனம் வேறு வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டது.

எட்வர்ட்ஸுக்குப் பாலைவனம் கொடுத்தது தரை. விமானங்கள் இறங்கும் ரோஜர்ஸ் படுகை 44 சதுர மைல், ஏறக்குறைய 114 சதுர கி.மீ. அதில் கோடிட்ட ஓடுபாதை ஒன்றின் நீளம் மட்டும் சுமார் 12 கி.மீ. எக்ஸ்-15 எரிபொருள் தீர்ந்தபின் சறுக்கி வந்து இறங்கும். இன்னொரு சுற்று வர முடியாது. பின்புறம் சக்கரத்துக்குப் பதில் சறுக்குக்கட்டைகள். தரையில் திருப்பவும் வழியில்லை. இழுத்துக்கொண்டு எங்கே போய் நின்றாலும் மோதுவதற்கு ஒன்றும் இல்லாத சமதளம் வேண்டும்.

அந்தத் தரை தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்கிறது. குளிர்கால மழையில் படுகைமேல் மெல்லிய நீர் பரவும். காற்று அதை இங்குமங்கும் தள்ளும்போது நுண்ணிய களிமண் வெடிப்புகளுக்குள் இறங்கி நிரம்பும். வெயிலில் காய்ந்தால் இறுகிவிடும். ஆனால் மேலே காய்ந்து அடியில் ஈரம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, சக்கரம் புதைந்துவிடும். எக்ஸ்-15 நாட்களில் சுமார் 5 அங்குல விட்டமுள்ள எஃகுக் குண்டை 6 அடி உயரத்தில் இருந்து போட்டு, பதிந்த குழியின் விட்டத்தை அளந்தார்கள். 3.25 அங்குலத்துக்கு மிகாமல் இருந்தால்தான் தரை ஏற்கத்தக்கது. ஓடுபாதைக் கோடுகள் தார் போன்ற பூச்சு. வண்டல் மூடிவிட்டால் மறுபடி போட வேண்டும்.

இதற்கு ‘வறண்ட ஏரி’ என்று வரைவில் இருப்பது தவறான படத்தைத் தருகிறது. நம் ஏரிக்குக் கரையும் மதகும் உண்டு. வறண்டால் மழை பொய்த்தது என்று பொருள். இது இயல்பிலேயே நீர் தங்காத, பயிர் விளையாத உப்புக் களிமண். உழவர் வழக்கில் உள்ள ‘களர்’ சரியாகப் பொருந்தும். ‘களர்ப்படுகை’ என்று பரிந்துரைக்கிறேன்.

பாம்டேல் விமானங்கள் கான்கிரீட் ஓடுபாதையில்தான் இறங்குகின்றன. அவற்றுக்குக் கிடைப்பது தெளிந்த வானமும் உலர்ந்த காற்றும். இஆர்-2 ஏறக்குறைய 20 கி.மீ. உயரத்தில், மைனஸ் 60 பாகைக் குளிரில் மணிக்கணக்கில் பறந்துவிட்டு இறங்குகிறது. உறைந்த கருவிக் கண்ணாடியில் கீழ்க்காற்றின் ஈரம் படியும். பாலைவனத்தில் இது குறைவு. ஈரப்பதம் மிகுந்த வெளிநிலையத்துக்குப் போனால் மூடிய ஒளியியல் அறைக்குள் உலர் நைட்ரஜன் செலுத்தித்தான் காப்பாற்ற வேண்டும்.

கொடுக்க வேண்டிய விலை வெப்பம். பாம்டேல் விமானநிலைய உயரம் 2,543 அடி. 40 பாகை வெயிலில் அங்குள்ள காற்றின் அடர்த்தி சுமார் 6,000 அடி உயரத்துக் காற்றுக்குச் சமம். இறக்கைக்கும் என்ஜினுக்கும் பிடி குறையும், ஓட்டம் நீளும். 12,000 அடி ஓடுபாதை இருந்தும் கனமான விமானம் அதிகாலையில் கிளம்புவதே நல்லது. தாமதமானால் எரிபொருளைக் குறைக்க வேண்டும், அதாவது அளவீட்டு நேரத்தைக் குறைக்க வேண்டும். பிற்பகலில் எழும் மேலைக்காற்று இன்னொரு தொல்லை. இஆர்-2-க்கு முன்னும் பின்னுமாக ஒரே வரிசையில்தான் சக்கரங்கள். இறக்கையைத் தாங்கும் பக்கச் சக்கரங்கள் மேலெழும்போதே கழன்று விழுந்துவிடும். குறுக்குக்காற்றில் அதை நேராக இறக்குவது கடினம். அழுத்த உடைக்குள் இருக்கும் விமானிக்குத் தரையும் சரியாகத் தெரியாது. பின்னால் காரில் விரையும் இன்னொரு விமானி மீதமுள்ள உயரத்தை வானொலியில் சொல்லிக்கொண்டே வருவார். இந்தக் காருக்கு வரைவில் உள்ள ‘துரத்து கார்’ பொருந்தவில்லை, அது விரட்டவில்லை. ‘துணைக்கார்’ போதும்.

* * *

நன்றி. பறப்பாய்வு, விமானவழி அறிவியல், தாய்நிலையம், வெளிநிலையம், களர்ப்படுகை, துணைக்கார் ஆறையும் பதிவில் சேர்க்கிறேன். ‘ஆம்ஸ்ட்ராங் பறப்பாய்வு மையம்’ என்பது நிறுவனப் பெயராக நிற்கும். 1976 முதல் 2014 வரையான நிகழ்வுகளில் அதன் அன்றைய பெயரான ‘டிரைடன்’ என்றே எழுத வேண்டும். வரைவில் சோஃபியாவும் டிசி-8-உம் இன்னும் நிகழ்காலத்தில் பறக்கின்றன. சோஃபியாவின் பணி 2022 செப்டம்பரில் முடிந்து, விமானம் அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. டிசி-8 2024 மே மாதம் ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விமானப் பராமரிப்புப் பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்டது. அந்த இரண்டு பத்திகளையும் இறந்தகாலத்துக்கு மாற்றிவிட்டு மறுவரைவை அனுப்புகிறேன்.